கேமராவுக்குப் பின்னால் இருந்த மைக்

யோவ், பேசச் சொன்னது நீ, பேசினவ மேல மட்டும் பழியா? இந்தப் படியேறி வந்து கையெடுத்துக் கும்பிட்டப்ப தெய்வமாத் தெரிஞ்ச பவுனம்மா, இன்னைக்குக் காலையில போன்ல மாட்டுத் தரகு பாக்குறவளா ஆயிட்டாளா? இதையெல்லாம் பவுனம்மா வாய்விட்டுச் சொல்லவில்லை. சொல்வதற்கு எதிரில் ஆள் இல்லை. ஒட்டன்சத்திரம் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால், வெல்டிங் பட்டறைக்கு மேலே, 'பவுனம்மா திருமணத் தகவல் நிலையம்' என்று தன் பேரையே பலகையில் எழுதி மாட்டியிருக்கும் அந்த ஒற்றை அறையில் அவளும் ஒரு லேப்டாப்பும்தான். லேப்டாப்பில், வேலை எவ்வளவு முடிந்தது என்று காட்டுகிற ஒரு பச்சைக் கோடு, பசியில்லாத பிள்ளைக்குச் சோறு ஊட்டுவதுபோல, நகர்ந்து, நின்று, யோசித்து, மறுபடி நகர்ந்துகொண்டிருந்தது. கேமரா வாடகைக்குக் கொடுக்கும் ஆரோக்கியம் போனில் சொன்னபடிதான் எல்லாம் செய்திருந்தாள். "ஒவ்வொண்ணா செஞ்சுக்கிட்டு உக்காராதீங்கக்கா. மொத்த வீடியோவையும் இழுத்து உள்ள போடுங்க. ரெண்டாவது ஆடியோவுக்கு நேரா இருக்கிற டிக்கை எடுத்துருங்க. ஸ்டார்ட் குடுங்க. படம் அப்படியே இருக்கும், வேண்டாத சத்தம் மட்டும் போயிரும். புது ஃபைல் எல்லாம் வேற ஃபோல்டர்ல வந்து விழும். அப்புறம் பழசை மொத்தமா அழிச்சிருங்க." வேண்டாத சத்தம். அவன் சாதாரணமாகத்தான் சொன்னான், குத்திக்காட்ட வேண்டுமென்று சொல்லவில்லை. ஆனால் வேண்டாத சத்தம் என்பது வேறு யாருடையதும் இல்லை, பவுனம்மாவின் தொண்டை. இந்த ஊரில் எந்தப் பந்தலில் எந்த மூலையில் பேசினாலும் பவுனம்மா வந்தாச்சு என்று ஜனம் திரும்பிப் பார்க்கிற அதே தொண்டை. அதைத்தான் இப்போது இந்தப் பச்சைக் கோடு ஒவ்வொரு பெண்ணின் படத்திலிருந்தும் உருவி எடுத்துக்கொண்டிருந்தது, மீனிலிருந்து முள் எடுக்கிற மாதிரி.

போட்டோவும் ஜாதகமும் கொண்டுபோய்க் கொடுத்துக்கொண்டிருந்த காலத்திலேயே இருந்திருக்கலாம். நான்தான் ஆசைப்பட்டேன், என்று நினைத்தாள். மற்ற தரகர்களெல்லாம் மஞ்சள் பையைத் தூக்கிக்கொண்டு அலையும்போது, பெண்ணை இங்கே உட்காரவைத்து, பின்னால் நீலத் திரை கட்டி, "வணக்கம், என் பேரு இன்னது, நான் இன்னது படிச்சிருக்கேன்" என்று பேசவைத்து, அதை வெட்டாமல் ஒட்டாமல் அப்படியே மாப்பிள்ளை வீட்டுக்கு அனுப்பியது இந்தச் சுற்றுவட்டாரத்தில் அவள்தான் முதல். ஆரோக்கியம் அப்போது இரண்டு சட்டை மைக் கொண்டுவந்தான். ஒன்று பெண்ணுக்கு, அவள் வாயிலிருந்து வருவதை மட்டும் பிடிக்கும்படி குறைத்து வைத்தது, ஒன்று கேமராவுக்குப் பின்னால் நின்று கேள்வி கேட்கிற அவளுக்கு. ஒண்ணு மக்கர் பண்ணினாலும் இன்னொண்ணு இருக்கும்க்கா என்றான். சேலைத் தலைப்பில் கொசு மாதிரி அதை மாட்டிக்கொண்டபோது ஒரு பெருமை இருந்தது, டிவிக்காரி மாதிரி. இரண்டு மைக்கும் இரண்டு தனித்தனித் தடத்தில் பதிவாகும் என்றோ, போனில் போட்டுப் பார்த்தால் முதல் தடம் மட்டும் கேட்கும், இரண்டாவது சத்தமில்லாமல் அடியில் படுத்துக் கிடக்கும் என்றோ அவளுக்கு யார் சொன்னார்கள்? சொல்லியிருந்தால் மட்டும் காது கொடுத்திருப்பாளா? எட்டாம் வகுப்பில் பள்ளிக்கூடத்தை விட்டு, மார்க்கெட்டில் தக்காளிக் கூடை தூக்கி, கூடை தூக்குகிறவள் பேசக் கூடாது என்றவனின் சட்டையைப் பிடித்து, அவன் கடைக்கு எதிரிலேயே தரையில் சாக்கு விரித்து யாவாரம் பண்ணினவள். மதியத்துக்குள் கனிந்துவிடும் பழத்தை யாருக்குத் தள்ள வேண்டும், காயாக இருப்பதை யாருக்காகப் பிடித்து வைக்க வேண்டும் என்பதெல்லாம் அங்கே அடிபட்டுப் படித்தது. அந்தப் படிப்புதான் சோறு போட்டது. அந்தப் படிப்புதான், தக்காளியை விட்டுப் பெண்ணைப் பிடித்தபோதும் கூடவே வந்தது, செருப்பில் ஒட்டிய சாணி மாதிரி, தனக்குத் தெரியாமல். இல்லை, தெரியாமல் என்று சொல்லாதே பவுனம்மா. தெரிந்துதான்.

பழனியில் ஒரு மாப்பிள்ளை வீட்டில் புதிதாக டிவி வாங்கியிருந்தார்கள், சுவர் அகலத்துக்கு. சொந்தபந்தம் மொத்தத்தையும் கூப்பிட்டு உட்காரவைத்து நாகஜோதியின் வீடியோவைப் போட்டிருக்கிறார்கள். நாகஜோதி கூட்டுறவு வங்கியில் வேலை பார்க்கிற பெண், முப்பத்தொன்று முடிந்தது, கழுத்தில் உள்ளங்கை அகலத்துக்கு வெண்புள்ளி. மாப்பிள்ளையின் அம்மா சத்தத்தைக் கூட்டுகிறேன் என்று ரிமோட்டில் எதையோ அழுத்த, பெண்ணின் குரல் தேய்ந்துபோய், பவுனம்மாவின் குரல் கணீரென்று வந்துவிட்டது. திரையில் நாகஜோதி வாயசைக்கிறாள், கேட்பது பவுனம்மா. "கழுத்தை மூடு கண்ணு. இன்னும் மேல இழு. அந்த வெள்ளை பளிச்சுன்னு தெரியுது பாரு. ஒரு பக்கமாத் திரும்பி உக்காரு. வயசைக் கேட்டா சிரி, பதில் சொல்லாத." அந்த அம்மா போனில் கோபமே படவில்லை. "உங்க குரல் நல்லா இருந்துச்சுங்க, தியேட்டர்ல கேக்குற மாதிரி. எங்க நாத்தனாரு நீங்க விளம்பரத்துக்குப் பேசலாம்னு சொன்னாங்க," என்றாள். பின்னால் யாரோ சிரித்தார்கள். "நாங்க வெள்ளையைப் பாத்து வேண்டாங்கலீங்க. முதல்லயே சொல்லியிருந்தா யோசிச்சிருப்போம். இப்ப இத்தனை பேருக்கு முன்னால கேட்டாச்சே, அந்தப் புள்ள நாளைக்கு எங்க வீட்ல எப்படிங்க தலைநிமிந்து நடக்கும்?" பவுனம்மா அந்த அம்மாவிடம் சண்டைக்குப் போயிருக்கலாம். ரிமோட் பிடிக்கத் தெரியாதவளுக்கு எதுக்குடி அம்புட்டுப் பெரிய டிவி என்று கேட்டிருக்கலாம். நாக்கு வரைக்கும் வந்தது. வந்து, நாக்கிலேயே உட்கார்ந்துகொண்டது.

அதற்கப்புறம்தான், பழனிக்காரர்கள் சொல்லி விஷயம் தெரிந்து, அந்த ஆள் கூப்பிட்டது. நாகஜோதியைப் பெற்றவர். அதிர்ந்து பேசாத மனுஷன் என்று ஊரில் பெயர். காய்கறிக்காரனிடம்கூட வாங்க போங்க. காலையில் அவர் குரல் கிழிந்துபோய் வந்தது. "என் பொண்ணை என்ன மாட்டுச் சந்தையில கட்டியிருக்கிற உருப்படின்னு நெனச்சியா? அழிச்சிரு. இப்பவே அழிச்சிரு. எல்லாத்தையும் அழி. அந்தச் சத்தம் உலகத்துல எங்கயும் இருக்கக் கூடாது." மாட்டுச் சந்தை. பவுனம்மா மாட்டுச் சந்தைக்குப் போயிருக்கிறாள். அங்கேயாவது துண்டைப் போட்டு மூடி விரலைப் பிடித்து விலை பேசுகிறான். மாட்டுக்குக் கேட்காது. அங்கே இருக்கிற அந்த ஒரு துண்டு மரியாதைகூட இந்த மாடியில் இல்லாமல் போய்விட்டதே என்று தோன்றியபோது, அவள் எழுந்து மின்விசிறியைக் கூட்டி வைத்தாள். கூட்டியும் காற்று வரவில்லை. கீழே பட்டறையில் இரும்பை அறுக்கிற சத்தம் பல்லுக்குள் போய்ப் போய் வந்தது. பச்சைக் கோடு ஒரு பெயரை முடித்து அடுத்த பெயருக்குப் போனது. அகிலா. அகிலாவிடம் என்ன சொன்னோம்? பல் தெரியச் சிரிக்காதே. அமுதவல்லி. நிற்காதே, உட்கார்ந்தே பேசு, மாப்பிள்ளை குட்டை. கிரேஸ். சம்பளத்தைச் சொல்லாதே சாமி, அவனுக்கு உன்னில் பாதிதான், ரோசப்படுவான். குமுதா ஒருத்திதான் எதிர்த்துக் கேட்டவள். "அதையும் சொல்லாத, இதையும் சொல்லாதன்னா எதைத்தான்க்கா சொல்றது? வணக்கம்னு சொல்லி எந்திரிச்சிரட்டுமா?" என்றாள். எல்லாரும் சிரித்தார்கள், பவுனம்மாவும்தான். வாயாடி, உனக்கெல்லாம் மாமியாருதான் பயப்படணும் என்று முதுகில் ஒன்று போட்டாள். அதுவும் அடியில் எங்கோ பதிவாகி இருக்கும். இதில் எத்தனை எத்தனை வீட்டில் எந்தெந்த ரிமோட் அழுத்தப்பட்டதோ. பெண் பிடிக்கவில்லை என்று சொல்லி அனுப்பினவர்களில் எத்தனை பேர் பிடிக்கவில்லை என்று சொன்னது பவுனம்மாவின் வாயையோ. கிரேஸை வேண்டாம் என்ற வீடு, காரணமே சொல்லாமல் போனை வைத்துவிட்ட வீடு... அதை நினைக்காதே. கோடு போகிறது பார். போகிறது. இன்னும் கொஞ்ச நேரத்தில் எல்லாம் சுத்தம்.

ஆனால் நாகஜோதி வருவாள். அப்பா கத்திவிட்டு வைத்த கொஞ்ச நேரத்தில் மகள் கூப்பிட்டாள். கத்தவில்லை. "அக்கா, என்னோட வீடியோவை ரெண்டு சத்தத்தோடயும் குடுங்க. பேங்க் முடிஞ்சு வர்ற வழியில வாங்கிக்கிறேன்." "அது எதுக்குக் கண்ணு இப்ப? நடந்தது நடந்துபோச்சு, நான் வேற நல்ல எடம் பாத்து..." "எனக்கு வேணும்க்கா. அப்பா அழிக்கச் சொல்லுவாரு. அழிச்சிராதீங்க." அவ்வளவுதான். திட்டியிருந்தால் பவுனம்மாவும் திட்டியிருப்பாள், திட்டித் திட்டி இரண்டு பேரும் களைத்து ஒரு இடத்தில் வந்து நின்றிருப்பார்கள். பேரம் என்றால் அதுதானே. அவள் பேரமே பேசவில்லை. பேரம் பேசாதவர்களிடம் என்ன செய்வது என்று பவுனம்மாவுக்கு இத்தனை வருஷத்தில் யாரும் சொல்லித்தரவில்லை. தன் குரலில் வந்த அந்த 'கழுத்தை மூடு', 'வெள்ளை பளிச்சு' எல்லாவற்றையும் அவள் தனியாக ராத்திரி கதவைச் சாத்திக்கொண்டு கேட்பாளோ? நிறுத்தி நிறுத்திக் கேட்பாளோ? கேட்டுவிட்டுக் கண்ணாடியில் பார்ப்பாளோ? அழித்துவிட்டு, ஐயோ கண்ணு, மிஷின்ல போயிருச்சு என்று சொல்லிவிடலாம். அவளுக்கும் நல்லது, எனக்கும் நல்லது, அந்த ஆளுக்கும் நல்லது. மூன்று பேருக்கும் நல்லதான ஒரு காரியத்தைச் செய்ய ஏன் கை வரமாட்டேன் என்கிறது? நான் என்னதான் சொன்னேன் என்று ஒருமுறை கேட்டுவிட்டால் போதும், முழுசாகக் கேட்டுவிட்டால் அழிப்பதா கொடுப்பதா என்று தெரிந்துவிடும் என்று நினைத்து, ஹெட்போனை மாட்டி, பழைய ஃபைலைத் திறந்து, ஆரோக்கியம் சொல்லிக்கொடுத்தபடி இரண்டாவது ஆடியோவைத் தேர்ந்தெடுத்தாள்.

முதலில் பழனிக்காரர்கள் கேட்டதுதான் வந்தது. கழுத்தை மூடு. இன்னும் மேல. தன் குரல் இவ்வளவு பெரிசா? இரும்புக் கடைக்காரி மாதிரி. கேட்கக் கேட்க உடம்பு கூசியது, பொறுத்துக்கொண்டாள், இவ்வளவுதானே, இது தெரிந்ததுதானே. பழனியில் இதற்குமேல் கேட்கச் சகிக்காமல் டிவியை அணைத்துவிட்டார்கள். படம் அதற்குப் பிறகும் ஓடியது. நாகஜோதியின் உதடு அசைந்தது, அவள் என்ன சொன்னாள் என்பது இந்த மைக்கில் தூரத்தில் எறும்பு ஊர்வதுபோலத்தான் கேட்டது: "மறைக்க வேண்டாம்க்கா. பாக்குறவங்க பாத்துட்டே முடிவு பண்ணட்டும்." அப்புறம் பக்கத்தில், மிகப் பக்கத்தில், காதுக்குள் வந்து உட்கார்ந்த மாதிரி ஒரு கிசுகிசுப்பு. அந்த ஆள். கேமராவுக்குப் பின்னால், பவுனம்மாவின் தோளுக்கருகே பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார் அன்றைக்கு. "அவ கெடக்கிறா, நீங்க மூடியே எடுங்க. ரெண்டாந்தாரம்னாலும் சரிம்மா. வயசு கூடுனவன்னாலும் சரி. கழிஞ்சாப் போதும்." அதிர்ந்து பேசாத மனுஷன். அப்படியா, அப்படிச் சொன்னீரா? சொல்லியிருப்பார், எல்லா அப்பனும் சொல்வதுதான், கேட்டுக் கேட்டுக் காது அதை எடுத்துக்கொள்வதே இல்லை, மார்க்கெட்டில் லாரி ஹாரன் காதில் விழாத மாதிரி. அதனால்தானா காலையில் அந்தக் கத்தல்? உலகத்தில் எங்கேயும் இருக்கக் கூடாது என்றது இதைத்தானா? யோவ், மாட்டினயா? சத்தமாப் பேசுனவ மாட்டிக்குவா, மெதுவாப் பேசுனவன் தப்பிச்சிருவான்னு நெனச்சியா? அவளுக்கு ஒரு கணம், ஒரே ஒரு கணம், மனசு குளிர்ந்து சந்தோஷமாகக்கூட இருந்தது. கையில் சரியான சரக்கு சிக்கிவிட்ட சந்தோஷம். இதை அவருக்கே அனுப்பி... அப்போதுதான் அது வந்தது. ஒரு சிரிப்பு. அந்தக் கிசுகிசுப்பு முடிந்த இடத்தில், மூச்சு விடுகிற நேரம்கூட இல்லாமல், ஒரு பெண் சிரித்தாள். "விடுங்க, கழிச்சு விட்ருவோம். எங்கிட்ட வந்த சரக்கு திரும்பிப் போனதில்ல." யார் இது? இவள் யார்? திருப்பிப் போட்டாள். கழிஞ்சாப் போதும். சிரிப்பு. திருப்பிப் போட்டாள். கழிஞ்சாப் போதும். சிரிப்பு. கோபத்தில் சொன்னதென்றால் கோபம் என்று சொல்லிக்கொள்ளலாம். பிழைப்புக்குச் சொன்னதென்றால் பிழைப்பு. சிரிப்புக்கு என்ன பெயர் வைப்பது? யாரும் கேட்கவில்லை, யாரும் காசு கொடுக்கவில்லை, அந்தச் சிரிப்பு சும்மா வந்தது, ஏப்பம் மாதிரி. ஹெட்போனைக் கழற்றிய பிறகும் அது காதில் ஒட்டிக்கொண்டிருந்தது. கீழே பட்டறையில் இரும்பு அறுக்கிறவன் நிறுத்திவிட்டான் போல. திடீரென்று வந்த அமைதியில், தான் வாயைக் கையால் பொத்திக்கொண்டு உட்கார்ந்திருப்பது அவளுக்குத் தெரிந்தது.

அழி. அழித்துவிடு பவுனம்மா. இப்போது அந்த ஆளுக்காக இல்லை, உனக்காகவும் இல்லை, அந்தப் பெண்ணுக்காக. பெற்றவன் வாயிலிருந்து கழிஞ்சாப் போதும் என்று வந்ததை ஒரு மகள் எதற்குக் கேட்க வேண்டும்? பச்சைக் கோடு நாகஜோதியின் பெயரையும் தாண்டிப் போயிருந்தது. புது ஃபோல்டரில் அவளுடைய புதுப் படம் வந்து விழுந்திருந்தது, கழுவித் துடைத்து. சரியாகப் போய்விட்டதா, மிச்சம் மீதி எங்கேயாவது ஒட்டியிருக்கிறதா என்று பார்க்கத்தான் அதைத் திறந்தாள். சத்தம் போயிருந்தது. கீறல்கூட இல்லை. நாகஜோதி மட்டும், தெளிவாக. வணக்கம், என் பேரு நாகஜோதி. அப்புறம் யாருமே எதுவும் சொல்லாமல் அவள் துப்பட்டாவை மேலே இழுத்தாள். யாருமே சொல்லாமல் இன்னும் மேலே இழுத்தாள். யாருமே சொல்லாமல் ஒரு பக்கமாகத் திரும்பி உட்கார்ந்தாள். கண்ணுக்குத் தெரியாத யாரோ கயிற்றைப் பிடித்து இழுக்க இழுக்க ஆடுகிற மாதிரி இருந்தது. அப்புறம் முகத்தை நிமிர்த்தி, மறைக்க வேண்டாம்க்கா, பாக்குறவங்க பாத்துட்டே முடிவு பண்ணட்டும் என்றாள், நல்ல கணீரென்ற குரல், இந்தக் குரலை அன்றைக்கு நான் கேட்கவே இல்லையே. சொல்லிவிட்டுத் துப்பட்டாவைக் கீழே இறக்கினாள். வெள்ளை, ஜன்னல் வெளிச்சத்தில், கழுத்தில் யாரோ கை வைத்த மாதிரி அழகாகக்கூட இருந்தது. பிறகு சத்தமே இல்லாத ஒரு சின்ன இடைவெளி. அந்த இடைவெளியில் என்ன இருந்தது என்பது இப்போது உலகத்தில் பவுனம்மாவுக்கும் அந்த ஆளுக்கும் மட்டும்தான் தெரியும் என்று அவள் நினைத்துக்கொண்டிருந்தபோதே, திரையில் நாகஜோதியின் கண் கேமராவை விட்டு விலகி, சற்று இடப்பக்கம், தாழ்வாக, பிளாஸ்டிக் நாற்காலி இருந்த திசைக்குப் போனது. அங்கே நின்றது. பிறகு அங்கிருந்து மெல்ல மேலேறி, பவுனம்மா நின்ற இடத்துக்கு வந்தது. அங்கேயும் நின்றது. பிறகு தானாகவே துப்பட்டாவை எடுத்து, கழுத்தை, தோளை, எல்லாவற்றையும் மூடிக்கொண்டு, இரண்டு கையையும் மடியில் வைத்துக்கொண்டு, சொன்னபடி ஒரு சிரிப்புச் சிரித்தாள்.

கேட்டிருக்கிறாள். மூன்று முழ தூரத்தில் உட்கார்ந்திருந்தவளுக்கு எப்படிக் கேட்காமல் இருக்கும்? பதிவான பிறகுதான் அது சத்தம் ஆகும் என்று நாங்கள் நினைத்துக்கொண்டிருந்தோம், நானும் அந்த ஆளும். பழனிக்காரர்களுக்கு டிவியில் கேட்டதும் எங்களுக்கு மானம் போய்விட்டது. இவளுக்கு அன்றைக்கே, இந்த அறையிலேயே, எந்த மிஷினும் இல்லாமல் கேட்டுவிட்டது. கேட்டுவிட்டு, அந்தக் கோலத்திலேயே படியிறங்கி, அந்த ஆளின் வண்டியில் பின்னால் உட்கார்ந்து வீட்டுக்குப் போயிருக்கிறாள். சோறு போட்டிருப்பாள் அவருக்கு. போன வாரம் எனக்கு வடை வாங்கிக்கொண்டு வந்தாளே, அக்கா சூடா இருக்கு சாப்பிடுங்க என்று. தின்றேனே. ஐயோ, தின்றுவிட்டு இன்னும் ரெண்டு வாங்கியாந்திருக்கலாம்ல என்று வேறு சொன்னேனே. அழித்து என்ன ஆகப்போகிறது? சத்தத்தைத்தான் எடுக்க முடியும், அந்தப் பார்வையை எந்த டிக்கை எடுத்து எடுப்பது? அழித்துவிட்டு, இல்லை என்று அவளிடம் சொல்லலாம். அவளும் சரிக்கா என்று போய்விடுவாள், அவள் அப்படிப்பட்டவள்தான். போய், நாம்தான் தப்பாகக் கேட்டுவிட்டோம் போல என்று தன்னையே சந்தேகப்பட்டுக்கொண்டு மிச்ச நாளைக் கழிப்பாள். அதைத்தான் அவள் என்னிடம் கேட்க வருகிறாள், தான் கேட்டது பொய் இல்லை என்று ஒரு சாட்சி. பவுனம்மா பழைய ஃபைலை, இரண்டு தடத்தோடும், சிரிப்போடும், பென்டிரைவில் ஏற்றினாள். மற்ற பெண்களின் பழைய ஃபோல்டரையும் அழிக்கக் கை வரவில்லை. அதை என்ன செய்வது என்று பிறகு யோசிக்க வேண்டும், ஒவ்வொருத்தியாக, மொத்தமாக இல்லாமல். பச்சைக் கோடு தன் பாட்டுக்கு ஓடி முடிந்து, முடிந்தது என்று காட்டிவிட்டு நின்றது. அவள் போனை எடுத்து அந்த ஆளின் எண்ணை அழுத்தினாள். முதல் மணி முடிவதற்குள் எடுத்தார். காலையில் கிழிந்த குரல் தைத்து மடித்து வைத்ததுபோல் பழையபடி மெதுவாகிவிட்டிருந்தது. "அழிச்சாச்சாம்மா?" "சத்தமெல்லாம் போயிருச்சுங்க. உங்க பொண்ணு மூஞ்சிதான் போகல." "என்னம்மா சொல்றீங்க?" "அன்னைக்கே அவளுக்குக் கேட்டிருச்சுங்க. கழிஞ்சாப் போதும்னு நீங்க சொன்னது, அதுக்கு நான் சிரிச்சது, ரெண்டும். உங்களைப் பாக்குறா, அப்புறம் என்னைப் பாக்குறா. படத்துல அப்படியே இருக்கு." கீழே ஸ்கூட்டி வந்து நிற்கும் சத்தம், பிறகு பட்டறைக்காரனிடம் வண்டியை ஓரமா விடட்டுமாண்ணே என்று கேட்கிற குரல். "உங்க பொண்ணு வந்துட்டா. பென்டிரைவை அவ கையில குடுக்கப்போறேன்." "வேண்டாம்மா, உங்களைக் கும்பிட்டுக் கேக்கறேன், பெத்தவன் ஏதோ கவலையில..." "கும்பிடாதீங்க. போன தடவை கும்பிட்டதே போதும். நான் சிரிச்சதுக்கு நான் அவகிட்டப் பேசிக்கிறேன், என்ன அடி விழுந்தாலும் வாங்கிக்கிறேன். நீங்க சொன்னதுக்கு நான் எப்படிங்க பேச முடியும்?" செருப்புச் சத்தம் படியில் ஏற ஆரம்பித்தது. பவுனம்மாவின் குரல் தானாகத் தாழ்ந்தது, தாழ்ந்ததை உணர்ந்ததும் வேண்டுமென்றே மறுபடி உயர்ந்தது, பட்டறைக்கும் படிக்கும் கேட்கும்படி. "அவ காதுல விழுந்தது நெசம், நான் சொன்னதுதான் தப்புன்னு நீதான்யா சொல்லணும். அவ மூஞ்சியைப் பாத்து, அவளுக்குக் கேக்குற மாதிரி சத்தமா. அதுவரைக்கும் அவளை இங்கயே உக்காத்தி வைக்கிறேன். சட்டையை மாட்டிக்கிட்டுக் கெளம்பி வாய்யா."